இணைப்பள்ளங்களுக்கு ஒரு பெயர்

பெங்களூரு மாநகரின் பழைய கன்டோன்மென்ட் பகுதியில் அமைந்துள்ள ஆஸ்டின் டவுனில் நடந்து செல்வோர், பழைய வீடுகளின் வாயிற்படிகளிலும் தெருவோரத்துச் சாக்கடைகளை மூடியிருக்கும் கருங்கற் பலகைகளிலும் ஒரு காட்சியைக் காணலாம். கல்லின் முகத்தில் உளி சென்ற தடங்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடுகின்றன. சில பலகைகளின் ஓரத்தில், பாறையைப் பிளப்பதற்காக வரிசையாகத் துளையிட்டதன் எச்சமாக, பாதியாய்ப் பிளந்த குழாயைப் போன்ற பள்ளங்கள் சம இடைவெளியில் நிற்கின்றன. கல் தச்சர் என்ன கருவியைப் பயன்படுத்தினார், எந்தத் திசையில் அடித்தார், அவர் கை எந்த அளவுக்குப் பழகியிருந்தது என்பனவற்றை அப்பள்ளங்களைக் கொண்டே ஓரளவு சொல்லிவிட முடியும்.

ஒரு பரப்பின் மீது இணையாக அமைந்த நுண்ணிய பள்ளங்களை அறிவியலார் 'ஸ்டிரையேஷன்' என்று அழைக்கின்றனர். நிலவியல், உலோகவியல், உடலியல், குற்றத் தடயவியல் எனப் பல துறைகளிலும் இச்சொல் வழங்குகிறது. ஆயினும் இத்துறைகள் அனைத்திலும் அது ஒரே பொருளைத் தருவதில்லை. தமிழில் பாடநூல் எழுதுவோரும் அலுவலகக் குறிப்புகளை மொழிபெயர்ப்போரும் இதனை 'வரி' என்றும், 'கீறல்' என்றும், சில வேளைகளில் 'விரிசல்' என்றும் எழுதிவிடுகின்றனர். இம்மூன்றும் மூன்று வெவ்வேறு பொருள்கள். இவற்றை மாற்றி எழுதுவதால் விளையும் கேடு தேர்வில் சில மதிப்பெண்களை இழப்பதோடு நின்றுவிடுவதில்லை என்பதைக் கட்டுரையின் பிற்பகுதியில் காண்போம்.

சொல்லின் வேர்

ஆஸ்டின் டவுனுக்குக் கிட்டெல் நகர் என்ற பெயரும் உண்டு. ஜெர்மனியிலிருந்து சமயப் பணிக்காகக் கன்னட நாட்டுக்கு வந்த ஃபெர்டினாண்ட் கிட்டெல் (1832–1903) பல்லாண்டுகள் உழைத்துத் தொகுத்த கன்னட–ஆங்கில அகராதி 1894-ஆம் ஆண்டு மங்களூரில் வெளியாயிற்று. ஏறத்தாழ 70,000 சொற்களைக் கொண்ட அந்நூலின் நினைவாகவே இப்பகுதிக்கு அவர் பெயர் சூட்டப்பட்டது. அகராதி ஆசிரியர் ஒருவரின் பெயரைத் தாங்கிய நகரிலிருந்து ஒரு சொல்லின் பிறப்பை ஆராயத் தொடங்குவது பொருத்தமானதே.

லத்தீன் மொழியில் 'ஸ்டிரையா' என்னும் சொல்லுக்குச் சால், வாய்க்கால் போன்ற நீண்ட பள்ளம் என்பன பொருள். கட்டடக் கலையில் அது தூணின் உடலில் மேலிருந்து கீழாக வெட்டப்படும் பள்ளத்தைக் குறித்தது. கி.மு. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த உரோமானியக் கட்டடக் கலைஞர் விட்ருவியஸ், டோரிக் வகைத் தூணுக்கு 20 பள்ளங்களும் அயோனிக் வகைத் தூணுக்கு 24 பள்ளங்களும் வேண்டும் என வகுத்துள்ளார். நம் நாட்டுச் சிற்பிகளும் இத்தகைய வேலைப்பாட்டை அறிந்தவர்களே. பல்லவர் காலத்துத் தாராலிங்கங்களில் மேலிருந்து கீழாக ஓடும் பட்டைகளை மாமல்லபுரத்துக் கடற்கரைக் கோயிலில் இன்றும் காணலாம்.

ஐரோப்பிய மொழிகளுக்கு வந்தபோது இச்சொல் ஒரு தடுமாற்றத்துக்கு உள்ளாயிற்று. கட்டடக் கலை நூலார் சிலர் பள்ளத்தையே 'ஸ்டிரையா' என்றனர். வேறு சிலர் இரு பள்ளங்களுக்கு இடையே எஞ்சி நிற்கும் மெல்லிய மேட்டுக்கு அப்பெயரை வழங்கினர். கரும்புக்குப் பார் பிடிக்கும் உழவருக்கு இத்தடுமாற்றம் விளங்கும். பார் என்று ஒன்று எழுந்தால் அதன் அருகே சால் என்று ஒன்று இருந்தே தீரும். ஆனால் எதில் கரணை நடுவது, எதில் நீர் விடுவது என்பதில் அவர் தடுமாறுவதில்லை.

திராவிட மொழிகளில் இப்பொருளுக்கு மிகப் பழைய சொல் உள்ளது. ஏர் கிழித்த தடத்தைத் தமிழில் சால் என்கிறோம். மலையாளத்திலும் அது சால்தான். கன்னடத்தில் சாலு என்பது உழவுச் சாலையும் வரிசையையும் ஒருங்கே குறிக்கும். பாதையோரத்தில் வரிசையாக வளர்ந்து நிற்கும் மரங்களைக் கன்னடர் 'சாலு மரம்' என்று சொல்வதைப் பெங்களூருவில் வாழும் தமிழர் நாள்தோறும் கேட்டிருப்பர். தெலுங்கிலும் இச்சொல்லின் உறவுச் சொல் வழங்குகிறது. ஒன்றை அடுத்து ஒன்றாகச் செல்லும் பள்ளம் என்ற கருத்தும், ஒழுங்கான வரிசை என்ற கருத்தும் ஒரே சொல்லில் இணைந்திருப்பது கவனிக்கத்தக்கது. 'ஸ்டிரையேஷன்' என்ற அறிவியற் சொல்லின் உள்ளடக்கமும் இவ்விரண்டுமே.

இவ்வளவையும் கண்ட பின், 'சால்' என்பதையே கலைச்சொல்லாக ஏற்றுக்கொண்டால் என்ன என்ற எண்ணம் தோன்றுவது இயல்பு. இக்கட்டுரையாளருக்கும் முதலில் அவ்வாறே தோன்றிற்று. ஆனால் ஒரு சொல்லின் பிறப்பு வேறு, அது இன்று சுமந்து நிற்கும் பொருள் வேறு. அப்பொருளை அறியப் பாறையிடமும் உலோகத்திடமும் செல்ல வேண்டும்.

பாறையில் எழுதிய பனி

மகாராஷ்டிர மாநிலத்தின் சந்திரப்பூர் மாவட்டத்தில், வர்தா ஆறும் பைங்கங்கை ஆறும் கலக்கும் இடத்துக்கு அருகில் இராய் என்றொரு சிற்றூர் உள்ளது. கோடையில் நாட்டிலேயே மிகக் கடும் வெப்பம் பதிவாகும் வட்டாரங்களுள் ஒன்று அது. அங்கே வெளிப்பட்டுக் கிடக்கும் சுண்ணாம்புப் பாறையின் முகம் தேய்த்து மெருகிட்டது போல் மழமழப்பாகவும், அதன் மேல் இணையான பள்ளங்கள் ஓடியும் காணப்பட்டன. இந்திய நிலவியல் ஆய்வுத் துறையைச் சேர்ந்த ஃபெடன் இதனைக் கண்டறிந்து, 1875-இல் அத்துறையின் ஆண்டேட்டில் வெளியிட்டார். வெப்ப மண்டல இந்தியாவில் ஒரு காலத்தில் பனிக்கட்டி செயற்பட்டதற்கு அது சான்று என்பது அவர் முடிவு.

அம்முடிவு வெறும் ஊகமன்று. பனியாறு என்பது தூய பனிக்கட்டியாலான ஆறு அன்று. அதன் அடிப்பகுதியில் கூரிய கற்களும் மணலும் உறைந்து பதிந்திருக்கும். நூற்றுக்கணக்கான மீட்டர் கனமுள்ள பனியின் சுமை மேலே அழுத்த, அக்கற்கள் அடித்தளப் பாறையை இழைப்புளி போல இழைத்துச் செல்லும். நுண்ணிய தூள் பாறையை மெருகேற்றும். பருங்கற்கள் பள்ளம் தோண்டும். பனி ஒரே திசையில் நகர்வதால் பள்ளங்களும் இணையாக அமையும். ஆல்ப்ஸ் மலையடிவாரத்தில் காணப்படும் இத்தகைய தடங்களை மற்றச் சான்றுகளோடு சேர்த்து ஆராய்ந்தே, ஐரோப்பாவின் பெரும்பகுதி ஒரு காலத்தில் பனியில் மூழ்கியிருந்தது என்று லூயி அகாசிஸ் 1840-இல் வெளியிட்ட நூலில் வாதிட்டார்.

இந்தியாவில் இதற்கு முன்னரே ஒரு குறிப்புக் கிடைத்திருந்தது. ஒடிசாவின் தால்சேர் பகுதியில் 1856-இல் ஆய்வு செய்த பிளான்ஃபோர்டு சகோதரரும் தியோபால்டும், மெல்லிய களிமண் படிவத்தினுள்ளே பெரும் உருண்டைப் பாறைகள் புதைந்து கிடப்பதைக் கண்டு, பனியின் துணையின்றி இது நிகழ்ந்திருக்க இயலாது எனக் கருதினர். ஆனால் புதைந்த கல் இடம் பெயர்ந்து வந்த கல். அதன் மேலுள்ள கீறல் எங்கே விழுந்தது என்று சொல்வதற்கில்லை. இராயில் கிடைத்ததோ அசையாத அடித்தளப் பாறையின் மேல் விழுந்த பள்ளம். ஆகவே பனி அந்த இடத்திலேயே நகர்ந்தது என்பதற்கும், எந்தக் கோட்டில் நகர்ந்தது என்பதற்கும் அது நேர்ச் சான்றாயிற்று.

இப்படிவங்களின் வயது ஏறத்தாழ 30 கோடி ஆண்டுகள். அக்காலத்தில் இந்தியா, ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, தென்னமெரிக்கா, அண்டார்டிக்கா ஆகியன ஒரே பெருநிலமாக இணைந்து தென் துருவத்துக்கு அருகே இருந்தன. அப்பெருநிலத்துக்குக் கோண்டுவானா என்ற இந்தியப் பெயரே உலகெங்கும் வழங்குகிறது. கண்டங்கள் இடம் பெயர்கின்றன என்னும் கருத்தை 1912-இல் முன்வைத்த வெகனர், தென் கண்டங்களில் பரவிக் கிடக்கும் இப்பனித் தடங்களைத் தம் முக்கியச் சான்றுகளுள் ஒன்றாகக் கொண்டார்.

இதில் நாட்டின் பொருளாதாரத்துக்கும் பங்கு உண்டு. தால்சேர்ப் படிவங்களுக்கு மேலேதான் கோண்டுவானா நிலக்கரி அடுக்குகள் அமைந்துள்ளன. பனி உருகி விலகிய நிலத்தில் காடுகள் தழைத்து, அவை புதைந்து நிலக்கரியாயின. எனவே தால்சேர்ப் படிவத்தை இனங்காணத் தெரிந்தவருக்கு நிலக்கரி வரிசையின் அடித்தளம் எங்கே தொடங்குகிறது என்பதும் தெரியும்.

பெங்களூரு மாணவர்கள் இங்கே ஒரு பிழையைத் தவிர்க்க வேண்டும். லால்பாகில் உள்ள பாறைக் குன்று ஏறத்தாழ 300 கோடி ஆண்டுப் பழமையுடைய தீபகற்ப நைஸ் வகையைச் சேர்ந்தது. தேசிய நிலவியல் நினைவுச் சின்னமாக அறிவிக்கப்பட்டது. அதன் மேல் கறுப்பும் வெளுப்புமாக மாறி மாறி ஓடும் பட்டைகளைக் கண்டு சிலர் 'ஸ்டிரையேஷன்' என்று குறித்துக்கொள்கின்றனர். அவை பள்ளங்கள் அல்ல. பாறை ஆழத்தில் வெந்து நெளிந்தபோது கனிமங்கள் பிரிந்து படிந்த பட்டைகள். பாறையை உடைத்தாலும் உள்ளே அதே பட்டை தொடரும். பனித் தடமோ மேற்பரப்பில் மட்டும் இருக்கும். ஓர் அங்குலம் செதுக்கினால் மறைந்துவிடும். இராய் போன்ற இடங்களில் பாறையைப் பெயர்ப்பது எத்தகைய இழப்பு என்பது இதனால் விளங்கும்.

உலோகத்தின் நாட்குறிப்பு

ஆஸ்டின் டவுனிலிருந்து கிழக்கே சில கிலோமீட்டர் சென்றால் பழைய விமான நிலையச் சாலை வரும். 1940-இல் தோன்றிய இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையும், தேசிய வான்வெளி ஆய்வுக்கூடமும் அச்சாலையை ஒட்டியே உள்ளன. இவ்வாய்வுக்கூடம் 1959-இல் தில்லியில் தொடங்கப்பட்டு மறு ஆண்டில் பெங்களூருவுக்கு மாற்றப்பட்டது. முறிந்த எந்திர உறுப்புகளை ஆராய்ந்து முறிவின் காரணத்தைக் கண்டறியும் பணி அதன் பணிகளுள் ஒன்று. அங்கே 'ஸ்டிரையேஷன்' என்ற சொல் பனியையோ பாறையையோ குறிப்பதில்லை. உயிர்களைக் காக்கும் ஒரு தடயத்தைக் குறிக்கிறது.

ஒரு கம்பியை ஒரே முறை வளைத்தால் முறியாது. பலமுறை முன்னும் பின்னும் வளைத்தால் முறிந்துவிடும் என்பதை யாவரும் அறிவர். உலோகம் தாங்கக்கூடிய அளவுக்கு மிகக் குறைந்த சுமையாயினும், அது மீண்டும் மீண்டும் ஏறி இறங்கினால் ஒரு சிறு வெடிப்புத் தோன்றி மெல்ல வளரும். இதுவே உலோக அயர்வு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் இரயில் வண்டிகளின் அச்சுகள் காரணமின்றி முறிவதாகத் தோன்றியபோது, ஜெர்மன் பொறியாளர் வோலர் செய்த சோதனைகளால் இவ்வுண்மை தெளிவாயிற்று.

பயணிகள் விமானத்தின் உடல் ஒவ்வொரு முறை மேலெழும்போதும் உள்ளிருக்கும் காற்றழுத்தத்தால் சற்றே விரிந்து, தரையிறங்கும்போது சுருங்குகிறது. 1954 சனவரி 10 அன்று எல்பாத் தீவுக்கு அருகே வானிலேயே சிதறிய காமெட் விமானம் அதுவரை 1,290 முறை மட்டுமே அவ்வாறு பறந்திருந்தது. அதே ஆண்டு ஏப்ரலில் மற்றொரு காமெட் நேப்பிள்சு அருகே கடலில் வீழ்ந்தது. இங்கிலாந்தின் ஃபார்ன்பரோவில் ஒரு முழு விமானத்தைப் பெரிய நீர்த் தொட்டிக்குள் வைத்து, மீண்டும் மீண்டும் அழுத்தம் ஏற்றி இறக்கினர். முன்பு பறந்தவற்றையும் சேர்த்து 3,057-ஆவது சுற்றில் அதன் உடல் கிழிந்தது. அயர்வே காரணம் என்பது ஐயமற நிறுவப்பட்டது.

அத்தகைய முறிவு முகத்தை நுண்ணோக்கியில் காணும்போது வியப்பான காட்சி புலப்படும். வெடிப்புத் தொடங்கிய இடத்திலிருந்து விலகி விலகி, இணையான நுண்பள்ளங்கள் அடுத்தடுத்து அமைந்திருக்கும். ஒரு பள்ளத்துக்கும் அடுத்ததற்கும் உள்ள தொலைவு, மில்லிமீட்டரில் பதினாயிரத்தில் ஒரு பங்கிலிருந்து ஆயிரத்தில் சில பங்கு வரை இருக்கலாம். முறிவு முகங்களை நுண்ணோக்கியால் ஆராயும் துறைக்கு 1944-இல் பெயர் சூட்டிய அமெரிக்க உலோகவியலார் சாஃபி, வோர்டன் என்பவருடன் சேர்ந்து 1951-இல் இவ்வரிகளை விவரித்தார். 1960-இல் ஃபார்சைத், ரைடர் ஆகிய இருவரும் ஒரு தெளிவான சோதனை செய்தனர். பெரிய சுமை, சிறிய சுமை என அறிந்த ஒழுங்கில் மாற்றி மாற்றி ஏற்றினர். முறிவு முகத்தில் அதே ஒழுங்கில் அகன்ற இடைவெளிகளும் குறுகிய இடைவெளிகளும் பதிந்திருந்தன. ஒரு சுமைச் சுற்றுக்கு ஒரு வரி என்பது இவ்வாறு உறுதிப்பட்டது.

இது நிகழும் விதம் கடினமானதன்று. சுமை ஏறும்போது வெடிப்பின் வாய் திறக்கிறது; அதன் கூர் முனை நெகிழ்ந்து மழுங்கிச் சற்று முன்னேறுகிறது. சுமை இறங்கும்போது வாய் மூடி, முனை மீண்டும் கூராகிறது. முனை மடங்கிய இடத்தில் ஒரு சிறு பள்ளம் எஞ்சுகிறது. அடுத்த சுற்றில் அதற்கு அப்பால் இன்னொன்று உண்டாகிறது.

எண்ணிக்கையின் பயனை ஓர் எடுத்துக்காட்டால் உணரலாம். ஓர் உறுப்பில் வெடிப்பு மூன்று மில்லிமீட்டர் வளர்ந்து முறிந்ததாகவும், வரிகளின் சராசரி இடைவெளி அரை மைக்ரோமீட்டர் என்றும், அதாவது மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு என்றும் கொள்வோம். வரிகளின் எண்ணிக்கை ஆறாயிரம். பறப்பொன்றுக்கு ஒரு சுற்று என்றால் ஆறாயிரம் பறப்புகள். விமானம் நாளொன்றுக்கு ஆறுமுறை பறந்தால் ஆயிரம் நாட்கள். ஏறக்குறைய இரண்டே முக்கால் ஆண்டு. இடையில் எத்தனை முறை அவ்வுறுப்பு சோதிக்கப்பட்டது, சோதித்தவர் கண்ணுக்கு வெடிப்பு ஏன் படவில்லை என்ற வினாக்கள் உடனே எழும். நடைமுறையில் வெடிப்பு வளர வளர இடைவெளியும் பெருகும். ஆகவே பல இடங்களில் அளந்து கூட்ட வேண்டும். வெடிப்புத் தோன்றுவதற்கு முன் கழிந்த காலமும் இக்கணக்கில் சேராது.

1989 சூலை 19 அன்று அமெரிக்காவின் சூ சிட்டியில் ஒரு டி.சி.-10 விமானம் விபத்துக்குள்ளாகி நூற்றுக்கும் மேற்பட்டோர் இறந்தனர். வாலிலிருந்த எந்திரத்தின் டைட்டானிய விசிறித் தட்டு வானில் பிளந்ததே காரணம். அத்தட்டு 15,503 முறை மேலெழுந்து தரையிறங்கியிருந்தது. முறிவு முகத்தில் கண்ட பெருவரிகளின் எண்ணிக்கையும் ஏறத்தாழ அதே அளவாக இருந்தது. இதன் பொருள் அச்சமூட்டுவது: தட்டு பணியில் சேர்ந்த தொடக்க நாட்களிலேயே வெடிப்பு வளரத் தொடங்கிவிட்டது. உலோகம் உருக்கப்பட்டபோதே உள்ளே தங்கிய ஒரு குறைபாடு அதன் மூலம் எனக் கண்டறியப்பட்டது. குற்றம் உற்பத்தியிலா, பராமரிப்பிலா, ஓட்டுநரிடமா என்னும் வினாவுக்கு நுண்ணோக்கியில் மட்டுமே தெரியும் இப்பள்ளங்கள் விடை கூறின.

எல்லா அயர்வு முறிவிலும் இவ்வரிகள் தெளிவாகத் தெரியும் என்று எண்ணிவிடலாகாது. அலுமினியக் கலவைகளில் நன்கு தெரியும். கடினமான எஃகுகளில் மங்கலாகவோ, தெரியாமலோ இருக்கும். சில எஃகுகளில் இயல்பாகவே உள்ள அடுக்கமைப்பு இவ்வரிகளைப் போலத் தோன்றி ஏமாற்றுவதும் உண்டு. பேருந்து அச்சுத் தண்டுகளின் முறிவு முகத்தில் வெறுங்கண்ணுக்கே தெரியும் வளைவுக் கோடுகளையும் இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. அலை பின்வாங்கிய மணலில் எஞ்சும் தடத்தை ஒத்த அவற்றைக் கரைவரி எனலாம். வண்டி ஓடியும் நின்றும் இருந்த காலப் பகுதிகளை அவை காட்டுகின்றன. ஒரு கரைவரிக்கும் அடுத்ததற்கும் இடையே ஆயிரக்கணக்கான நுண்வரிகள் அடங்கியிருக்கலாம்.

ஒரே சொல், எதிரெதிர்த் திசை

இப்போது இரண்டையும் ஒப்பிடுவோம். பாறையில் பனி சென்ற திசையிலேயே பள்ளம் ஓடுகிறது. ஏர் சென்ற திசையில் சால் ஓடுவதைப் போல. துப்பாக்கிக் குழலின் உட்புறம் தோட்டாவின் மேல் இடும் கோடுகளும் அத்தகையனவே; அவற்றை ஒப்புநோக்கித் துப்பாக்கியை அடையாளம் காணும் முறை 1920-களில் உருப்பெற்றது. உலோக அயர்விலோ வெடிப்பு முன்னேறும் திசைக்குக் குறுக்காகவே பள்ளங்கள் அமைகின்றன. அவை எதுவும் உராய்ந்து செல்வதால் உண்டாவன அல்ல. மரத்தின் ஆண்டு வளையங்களைப் போல, வளர்ச்சி ஒவ்வொரு முறை நின்று தொடர்ந்ததன் பதிவுகள். பாறையின் பள்ளத்தைப் பார்த்து அதன் நெடுக்கில் விரலை ஓட்டினால் இயக்கத்தின் கோடு கிடைக்கும். உலோகத்தில் அவ்வாறு செய்தால் விடை செங்கோணம் பிறழ்ந்துவிடும்.

தசையைப் பொறுத்தவரை பள்ளமே இல்லை. எலும்போடு இணைந்த தசைகளில் நுண்ணோக்கி காட்டும் குறுக்குக் கோடுகள், ஒளியும் இருளுமாக மாறி வரும் பட்டைகள்தாம். இவற்றை 'வரித்தசை' என்று தமிழ்ப் பாடநூல்கள் குறிப்பது முற்றிலும் பொருத்தமானது. வேங்கையின் உடலிலுள்ள வரியைப் போல, அது நிறத்தின் மாற்றமேயன்றிப் பரப்பின் மேடுபள்ளம் அன்று.

ஆகவே ஆங்கிலச் சொல் ஒன்றாயிருப்பதால் தமிழ்ச் சொல்லும் ஒன்றாயிருக்க வேண்டும் என்பதில்லை. பனித் தடத்துக்குச் 'சால்வரி' என்பது இயல்பாகப் பொருந்தும். உழவர் வீட்டு மாணவருக்கு விளக்கமே தேவைப்படாது. உலோகத்துக்கு 'அயர்வு வரி' எனலாம்; இங்கே சால் என்றால் உழுத திசையை நினைவூட்டி வழி தவறச் செய்யும். தசைக்கு நிலைபெற்றுவிட்ட 'வரி' அப்படியே இருக்கட்டும். சேலத்தில் 1916-இல் தமிழில் அறிவியற் சொற்களை ஆக்குவதற்கென இராஜாஜியும் நண்பர்களும் சங்கம் அமைத்த காலந்தொட்டு, வேர்ச்சொல்லைப் பெயர்ப்பதா, பொருளைப் பெயர்ப்பதா என்ற வாதம் நடந்தே வருகிறது. இச்சொல்லைப் பொறுத்தவரை வேர் அழகானது. ஆயினும் பொருளின் பக்கமே நிற்க வேண்டியுள்ளது.

'கீறல்' என்ற சொல்லை மட்டும் இவ்விடத்தில் முற்றிலும் விலக்க வேண்டும். பட்டறை மொழியில் கீறல் என்பது கையாளுதலில் ஏற்படும் குறை. தேய்த்துப் போக்க வேண்டிய ஒன்று. முறிந்த உறுப்பின் முகத்திலுள்ள 'கீறல்களை' ஆய்வுக்கு அனுப்புமாறு ஓர் அலுவலகச் சுற்றறிக்கை சொன்னால், அதைப் பெறும் தொழிலாளி கவலையோடு அம்முகத்தை உப்புத்தாளால் துடைத்துப் பளபளப்பாக்கி அனுப்பக் கூடும். அவர் மேல் குற்றமில்லை.

முறிவு நேர்ந்த உறுப்பைக் காப்பதற்கான விதிகள் மிகச் சிலவே. போக்குவரத்துக் கழகமாயினும் இரயில்வே பணிமனையாயினும் விமான நிலையமாயினும் அவை ஒன்றே. முறிந்த இரு முகங்களையும் சரியாகப் பொருந்துகின்றனவா என்று ஒன்றோடொன்று சேர்த்துப் பார்க்கக் கூடாது. அயர்வு வரிகள் அந்த ஒரு உரசலிலேயே அழிந்துவிடும். விரலால் தொடுதல், கம்பித் தூரிகையால் துலக்குதல், துரு நீக்கும் அமிலம் இடுதல் ஆகாது. ஈரம் பட்டிருந்தால் மெல்ல உலர்த்தி, ஒவ்வொரு முகத்தையும் தனித்தனியே உலர்ந்த உறையில் இட்டு, அது எந்திரத்தில் எந்தப் பக்கமாக அமைந்திருந்தது என்பதை உறுப்பின் வேறு பகுதியில் மையால் குறித்து அனுப்புதல் வேண்டும். உறுப்பு பணியில் சேர்ந்த நாளையும், அது இயங்கிய மணிகள் அல்லது சுற்றுகளின் எண்ணிக்கையையும் உடன் எழுதி அனுப்பினால், நுண்ணோக்கியில் எண்ணுபவருக்கு ஒப்பிட்டுப் பார்க்க ஓர் எண் கிடைக்கும்.